அம்மாடிக்கு, அப்பா

அம்மாடி,

எரிமலைப் புகை பத்தி நீ எழுதுன ஆராய்ச்சி பேப்பர படிச்சிட்டேன். பேரு மொதல்ல போட்டிருக்கு, ரெண்டு மூணு பேருக்கு ஃபார்வர்டும் பண்ணிட்டேன், திட்டாத. நீதான் போனே எடுக்க மாட்டேங்குறியே, அதான் உக்காந்து எழுதுறேன்.

எரிமலைப் புகை பூமியோட நடுவுலேர்ந்து வருதுன்னுதான் இவ்ளோ நாளா நெனச்சிட்டிருந்தேன். அதுல பெரும்பாலும் நீராவி, அந்தத் தண்ணியில நெறைய கடலோடதுன்னு இப்பதான் தெரியுது. கடலுக்கு அடியில இருக்குற பாறைத் தட்டு நனைஞ்ச போர்வை மாதிரி தண்ணி, சேறு, சுண்ணாம்பு எல்லாத்தையும் சுமந்துகிட்டு இன்னொரு தட்டுக்கு அடியில போகுது, 100 கிலோமீட்டர் வாக்குல தண்ணி பிரிஞ்சு மேல இருக்குற மேன்டில் பாறையில, அதான் பூமியோட மேலோட்டுக்குக் கீழ இருக்குற பாறையில ஏறி அதோட உருகுநிலைய எறக்கி விடுது, அதனாலதான் பாறை உருகுது, சரிதானே? இந்தோனேசியாவுல மெராபி எரிமலையில மேக்மா, அதான் உருகுன பாறை, ஏறி வர்ற வழியில இருக்குற சுண்ணாம்புக்கல்லையும் சுட்டு அந்த கார்பன் டை ஆக்சைடையும் சேத்துக்குதாமே.

மாஸ்க் ஃபில்டர் மாத்துனியா?

புகையில இருக்குற கார்பன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க கார்பன்-13ங்குற கொஞ்சம் கனமான கார்பன் எவ்ளோன்னு மட்டும் பாத்தா ஏமாத்திடும், சுண்ணாம்பும் மக்குன சேறும் ஒரு அளவுல கலந்தா மேன்டில் கார்பன் மாதிரியே நம்பர் காட்டும், அதனால பெரும்பாலும் மேன்டில்லேர்ந்து வர்ற ஹீலியம்-3 வாயு கூட ஒப்பிடணும்னு எழுதிருக்க. நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா ஹீலியத்துக்கு காத்து கலக்காத கேஸ் வேணும், அப்போ புகை வர்ற ஓட்டையிலயே குழாயச் சொருகணும். அந்த இடத்துக்கு மேல எனக்கு படிக்க ஓடல. குழாயச் சொருகுறது யாருன்னு பேப்பர்ல போடல, நீயும் சொல்லல.

1993ல கொலம்பியாவுல காலெராஸ் எரிமலையில குழிக்குள்ள எறங்குனவங்கள்ல 9 பேர் அது வெடிச்சு செத்துப் போயிட்டாங்க, அதுல 6 பேர் விஞ்ஞானிங்க, உன்ன மாதிரி படிச்சவங்கதான். பாப்புவா நியூ கினியில மானம் எரிமலையில 2019ல ட்ரோன் பறக்கவிட்டு புகைய பையில புடிச்சு கார்பன் பாத்திருக்காங்க. அதுக்கு ஹீலியம் வராதுன்னு நீ சொல்லுவ, தெரியும். வர்ற இடத்துலயாச்சும் ட்ரோன விடலாம்ல?

பெரியப்பா விஷயத்துக்கப்புறம் அம்மா எப்படின்னு உனக்கே தெரியும், அவகிட்ட காலெராஸ் பத்தி மூச்சு விடல. நீயும் விடாத.

ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானா மூக்குக்கு வாசனையே தெரியாதாம், அதனால நாத்தம் இல்லன்னு மாஸ்க்க கழட்டிடாத. ஃபில்டர மாத்து. அடுத்து எப்ப ஏறுறன்னு தேதிய மட்டும் அனுப்பு, எறங்குனதும் ஒரு மெசேஜ் போடு, எனக்கு மட்டும் போட்டாப் போதும்.

அப்பா