அப்பா "வேண்டாம்" என்றால்

பாப்பா,

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் காது கேட்க அவரைப் பற்றியே பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மத்தியானம் அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை "ஜூன் மாசம் நான் வரட்டுமாப்பா?" என்று கேட்டாய். அவர் "வேண்டாம்" என்றார். நீ திரும்பக் கேட்டாய், அவர் இன்னும் சத்தமாக "வேண்டாம், வேண்டாம்" என்றார், உன் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். அன்று ராத்திரி நீ தம்பிக்கு அனுப்பிய செய்தியையும் அவன் என்னிடம் காட்டினான். பாப்பா, அப்பா சொல்ல வந்தது "வா" என்பதைத்தான். நீ போனை வைத்த பிறகு இடது கையால் தன் தொடையில் அடித்துக்கொண்டே இருந்தார், நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை தப்பு என்று அவருக்கே தெரிகிறது. அதுதான் இதில் பெரிய கொடுமை.

இது தினமும் நடக்கிறது. காலையில் "காப்பி போடட்டுமா?" என்றால் "இல்லை" என்பார், ஆனால் கை டம்ளரை நோக்கி நீண்டுவிடும். ஸ்பூன் வேண்டும் என்றால் "சாவி" என்பார். இதற்கு அஃபேசியா என்று பெயர், உனக்கு அப்போதே டாக்டர் சொன்னார். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு வந்ததால் வலது கையும் காலும் போனதோடு பேச்சும் சேர்ந்து போனது. போனது பேச்சு மட்டும்தான், அறிவு இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டணத்துக்கு எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும், தம்பி காருக்கு எப்போது சாலை வரி என்பதெல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம், நான் மறந்துவிட்டால் காலண்டரில் தேதியைத் தொட்டுக் காட்டுகிறார். அதனால் அவரிடம் சத்தமாகப் பேசாதே, அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. குழந்தையிடம் பேசுவது போலவும் பேசாதே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேள், கேட்டுவிட்டு அவர் வாயைப் பார்க்காதே, இடது கைக் கட்டைவிரலைப் பார். அது மேலே போனால் ஆமாம். வாய் பொய் சொன்னாலும் அந்த விரல் பொய் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த விரல் மேலேதான் இருந்தது, போன் அவர் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் போனைத் தள்ளி வைக்கிறேன், கையும் தெரியட்டும்.

அந்த நாளைப் பற்றி உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதே இல்லை. தீபாவளி முடிந்து ஒன்பதாவது நாள். காலை 5.30 மணிக்கு "தமிழ் முரசு பேப்பர் வந்துவிட்டதா?" என்று கேட்டார், நான் படுக்கையில் இருந்தே "இன்னும் இல்லை" என்றேன். 6.10க்கு அடுப்படியில் டம்ளர் விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து நிற்கிறார், வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, வலது கை கயிறு போலத் தொங்குகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? படுக்க வைத்து, தைலம் தேய்த்து, தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தே இருக்கக் கூடாது, விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது, புரையேறி மூச்சு முட்டிவிட்டது. அப்புறம் தம்பிக்குப் போன் போட்டேன். அவன்தான் "அம்மா, ஆம்புலன்ஸுக்கு 995க்குக் கூப்பிடுங்கள்" என்று கத்தினான். 35 நிமிஷம் என் கையால் போனது. அந்த 35 நிமிஷத்தை நினைக்காத நாள் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக இவர் நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள்?" முரசு வந்ததா என்று கேட்டதைச் சொன்னேன். ஒரு பேப்பரைப் பற்றிக் கேட்ட கேள்வி இவ்வளவு முக்கியமாகும் என்று யார் நினைத்தார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம், அதனால்தான் அந்த நேரக் கணக்கு. முதலில் ஸ்கேன் எடுத்து ரத்தக் கசிவா அடைப்பா என்று பார்த்தார்கள், கசிவாக இருந்தால் அந்த ஊசியைப் போடவே கூடாதாம். அடைப்புதான் என்று தெரிந்து போட்டார்கள். நீயும் ஞாபகம் வைத்துக்கொள். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் தைலம் தேடாதே, தண்ணீர் கொடுக்காதே, உன் ஊரில் ஆம்புலன்ஸுக்கு 999. நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள். அப்புறம் உன் ரத்த அழுத்தத்தைப் போய்ப் பார், தள்ளிப்போடாதே. அப்பா உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு வாரம் மாத்திரை போடாமல் விட்டிருந்தார். எனக்கு அது ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தெரிந்தது.

சமூக மருத்துவமனையில் இருந்த ஏழு வாரத்தில் நீ பார்த்தது இரண்டு வாரம். நீ போன பிறகுதான் பேச்சுப் பயிற்சி சூடுபிடித்தது. பயிற்சி கொடுத்தது ஒரு சீனப் பெண், உன் வயசுதான் இருக்கும், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு குடைப் படத்தைக் காட்டி இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாயோங்" என்றார். துறைமுகத்தில் முப்பது வருஷம் மலாய் பேசிய வாய் அல்லவா. அவள் தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்து "குடை" என்றார். அம்ப்ரெல்லா வரவே இல்லை. அந்தப் பெண் என்னிடம் திரும்பி, அது தமிழா என்று கேட்டு, சரியாக எப்படிச் சொல்வது என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் அவளே "குடை" என்று சொல்லித்தான் பயிற்சியை ஆரம்பித்தாள். எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. எந்த மொழி முதலில் திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறுமாம். அப்பாவுக்குத் தமிழும் மலாயும் முன்னால் வந்தன, இங்கிலீஷ் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. ஆகையால் தயவுசெய்து அவரிடம் தமிழிலேயே பேசு. பாதியில் இங்கிலீஷுக்குத் தாவாதே, அவர் பின்னாலேயே ஓடி மூச்சு வாங்குகிறார்.

இன்னொன்று கேள். தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராத வாய், சாமி படத்துக்கு முன்னால் நின்றால் அவர் தினமும் பாடும் பதிகத்தை முழுசாகப் பாடுகிறது. ஒரு வரி தவறுவதில்லை. முதல் தடவை கேட்டபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் அழுதுவிட்டேன். பாடி முடித்ததும் "என்னங்க, தண்ணி வேணுமா?" என்றேன், மறுபடியும் "சாவி". பாட்டும் வாய்ப்பாடும் எண்ணிக்கையும் மூளையில் வேறு வழியாக வருகின்றனவாம். பாட்டு ராகத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்கு வரும் ஒரு பயிற்சியும் இருக்கிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறோம். இங்கே சிங்கப்பூரில் அஃபேசியா எஸ்ஜி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, பேச்சு போனவர்களே சேர்ந்து பாடும் குழு வைத்திருக்கிறார்கள். அப்பாவைக் கூட்டிப்போக வேண்டும் என்று இருக்கிறேன், அவர் இன்னும் கட்டைவிரலைத் தூக்கவில்லை.

கையைப் பற்றி நீ கேட்பதே இல்லை, கேட்கப் பயமாக இருக்கும். வலது கை விரல்கள் இறுகி மடங்கியே இருக்கின்றன, தினமும் ஒவ்வொன்றாக நீவி விடுகிறேன். நடை பரவாயில்லை, நாலு கால் தடியோடு மின்தூக்கி வரைக்கும் போய் வருகிறார். குளியலறையில் கைப்பிடி வைத்து வழுக்காத தரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவரை உடைத்துப் போட்டது சாப்பாடு. இடது கையால் சோற்றைத் தொடுவதா? அறுபத்தேழு வருஷப் பழக்கம். முதலில் காப்பியில்கூட ஒரு பவுடரைக் கலந்து கூழ் மாதிரி கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டியிருந்தது, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இடது கையால் ஸ்பூனைப் பிடிக்க மட்டும் மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். இப்போது வீட்டில் சாப்பிடுகிறார். வாசல் மணி அடித்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார். ஜனவரியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பந்தியில் உட்காரவே இல்லை, பசிக்கவில்லை என்று கையைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிட்டார்.

தைப்பூசக் கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை டேங்க் ரோடு கோயிலுக்குக் கூட்டிப்போனேன். குருக்கள் விபூதித் தட்டோடு வந்தார். அப்பா இடது கையை வேட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் அவருக்காகக் கையை நீட்டப் போனேன், அவர் முழங்கையால் என்னைத் தள்ளினார். அப்புறம் இடது கையை எடுத்து, வலது கை விரல்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தார். சுண்டுவிரல் திரும்ப மடங்கிக்கொண்டது, மறுபடி பிரித்தார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், ஒரு குழந்தை சிணுங்குகிறது, எனக்கு வியர்த்துவிட்டது. குருக்கள் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, உதவிக்கும் வரவில்லை. வலது உள்ளங்கை கொஞ்சம் திறந்து, கீழே இடது கை தாங்க, அதில் விபூதி விழுந்தது. வீட்டுக்கு வரும் வரை அதை நெற்றியில் பூசவே இல்லை, அந்தக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அவர் திடீரென்று அழுவதைப் பார்த்துத் தம்பி பயப்படுகிறான். விளம்பரம் பார்த்துக்கூட அழுகிறார். எல்லாமே துக்கம் இல்லை, அழுகையை அடக்கும் இடமும் அடிபட்டிருக்கிறது என்று தாதி சொன்னார். அழுதால் பேச்சை நிறுத்தாதே, பதறாமல் இரு, அழுகை தானாக நின்றுவிடும். சோர்வும் அப்படித்தான். நீ மத்தியானம் 12 மணிக்குக் கூப்பிடுகிறாய், இங்கே ராத்திரி 7. அந்த நேரத்தில் அவரிடம் வார்த்தையே மிச்சம் இருக்காது. எங்களுக்குச் சாயந்திரம் 4 மணி நல்ல நேரம், தூங்கி எழுந்து காப்பி குடித்திருப்பார். உனக்குக் காலை 9, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கெடும் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. எல்டர்ஷீல்டு காப்புறுதியில் மாதம் 300 வெள்ளி வருகிறது, ஐந்து வருஷம் வரைக்கும் வரும், நீ அனுப்புவதும் போதும். மீன் எண்ணெய் மாத்திரை பார்சல் வந்தது, அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவில்லை. பதினைந்து நாளில் பேச வைத்துவிடுவேன் என்று யாரோ சொல்லும் வீடியோவை இனி அனுப்பாதே, அவர் அதைப் பார்த்துவிட்டுப் பதினைந்து நாளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார். உன் பெரியம்மா போன வாரம் வந்து, ஆறு மாசம் தாண்டினால் இனி ஒன்றும் வராது என்று அவர் எதிரிலேயே சொன்னார். அது சரியில்லை. முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறும், அப்புறம் மெதுவாக வரும், வருஷக்கணக்கில்கூட வரும் என்று பயிற்சி கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். போன மாதம்வரை சட்டைப் பொத்தான் ஒன்றுகூடப் போட முடியாதவர், முந்தாநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் மூன்று போட்டிருந்தார்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று தம்பியிடம் சொன்னாயாம். வேண்டாம். இது என் வேண்டாம், நான் சொன்னால் அதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம். ஜூனில் லீவு எடுத்துக்கொண்டு வா, டிக்கெட்டை இன்றைக்கே போடு.

இன்னொரு விஷயம். நாலு நாளாக அப்பா விடியற்காலை எழுந்து அடுப்படி ஜன்னல் பக்கம், துணி காயப்போடும் கம்பத்துக்கு முன்னால் நின்றுகொண்டு ஏதோ முணுமுணுக்கிறார். பதிகம் என்று நினைத்தேன். இன்று கதவோரம் நின்று கேட்டேன், பதிகத்தின் ராகம்தான், வார்த்தை வேறு. மூன்றே வார்த்தை. முதல் வார்த்தை உன் பெயர், இரண்டாவதில் தட்டுகிறது, திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்கிறார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார், நானும் தண்ணீர் எடுக்க வந்தவள் போலப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்லத்தான் என்று நினைக்கிறேன். அவர் ஆரம்பித்தால் எடுத்துக் கொடுக்காதே, தப்பாக வந்தாலும் திருத்தாதே, என்னையும் பார்க்காதே. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அவர் முடிக்கட்டும்.

எழுந்துவிட்டார், கட்டில் சத்தம் கேட்கிறது. காப்பி போட வேண்டும்.

அம்மா