எரேமியா 29ஐ முழுசா வாசிச்சேன் எய்யா

எய்யா,

போன்ல சொல்ல வராது, அழுதுருவேன், அதான் டைப் பண்ணி அனுப்புறேன். ஆகஸ்ட் மாசம் நீ "அம்மா, இனிமே எனக்கு வசனம் அனுப்பாத"ன்னு சொல்லிட்டு போனை வச்சல்ல, அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு தூக்கமே இல்ல. கோவம் இல்ல எய்யா. நீ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அதுதான் வேதனை. டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் சர்வீஸ்ல உன் பேரை சொல்லி ஜெபம் பண்ணி கூடையில இருந்து புது வருஷத்துக்கு ஒரு வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்தேன், எரேமியா 29:11 வந்துச்சு, "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்"னு, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பி "இந்த வருஷம் உனக்கு நல்லது நடக்கும்"னு எழுதினேன். மார்ச்ல உனக்கு வேலை போச்சு. "எதிர்பார்த்திருக்கும் முடிவுன்னு போட்டிருந்துச்சே, அது எங்கம்மா"ன்னு நீ கேட்ட.

அதுக்கப்புறம் நான் உட்கார்ந்து 27, 28, 29 மூணு அதிகாரத்தையும் ஒரே மூச்சுல வாசிச்சேன். இத்தனை வருஷம் சண்டே ஸ்கூல்ல பாடம் எடுத்திருக்கேன், இந்த வசனத்தை எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வச்சிருப்பேன், ஆனா அது ஒரு கடிதத்தோட நடுவுல வர்ற வரின்னு என் மனசுல பதிஞ்சதே இல்ல. எருசலேம்ல இருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதுறான், கி.மு. 597ல யூதா ராஜா எகொனியாவோட சேர்த்து பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு, பாபிலோனுக்கு. சொந்த ஊரை விட்டு, பாஷை தெரியாத இடத்துல, எப்போ திரும்புவோம்னு தெரியாம கிடக்குறவங்களுக்கு வந்த கடிதம் அது. அந்தக் கடிதத்துல என்ன சொல்றான்னா, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைகளைப் பெத்துக்கோங்க, ஏன்னா எழுபது வருஷம் ஆகும். எழுபது வருஷம் எய்யா! அதை வாசிச்சுக் கேட்ட பெரியவங்க முக்காவாசிப்பேரு திரும்பிப் போறதைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. பெர்சியா ராஜா கோரேசு கி.மு. 539ல பாபிலோனைப் பிடிச்ச பிறகுதானே வழியே திறந்துச்சு. பத்தாம் வசனத்துல எழுபது வருஷம், அடுத்த வரிதான் உனக்கு நான் அனுப்பின வசனம். பத்தை விட்டுட்டு பதினொண்ணை மட்டும் கத்தரிச்சு உனக்கு அனுப்பியிருக்கேன்.

28ஆம் அதிகாரத்தைப் பாரு, அங்கதான் எனக்கு நெஞ்சு பதறுச்சு. அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி தேவாலயத்துல எல்லார் முன்னாலயும் நின்னு, ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துரும், ராஜாவும் வந்துருவாருன்னு கர்த்தர் பேரைச் சொல்லியே பேசுறான். பாபிலோனுக்கு அடங்கி இருங்கன்னு காட்ட எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். ஜனங்களுக்கு எது இனிப்பா இருந்திருக்கும் சொல்லு, ரெண்டு வருஷமா, எழுபது வருஷமா? நாம என்ன பண்றோம், அட்டையில வருஷத்தைப் போட்டு இந்த வருஷத்துக்குள்ளன்னு கர்த்தருக்கே கெடு வைக்கிறோம். அவன் ரெண்டு வருஷம் வச்சான், நாம ஒண்ணு வைக்கிறோம். இதை நான் யாரையும் குத்தம் சொல்றதுக்கு எழுதலை, கூடையில கை விட்டது நான்தான். ஆனா அந்த அதிகாரத்துல இன்னொண்ணு இருக்கு, அனனியா அப்படி சொன்னதும் எரேமியா முதல்ல "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக"ன்னுதான் சொல்றான். அவனுக்கும் ஆசைதான். உனக்கு நாளைக்கே வேலை கிடைக்கணும்னு நானும் ஆமென் சொல்றேன் எய்யா, அதுல மாத்தமே இல்ல, ஆனா கிடைச்சிரும்னு கர்த்தர் தேதி போட்டுக் குடுத்தாருன்னு இனிமே சொல்லமாட்டேன்.

செமினரியில பழைய ஏற்பாடு சொல்லிக் குடுத்த ரிட்டயர்டு பாஸ்டர் ஐயர் ஒருத்தர் நம்ம தெருவுல இருக்காருல்ல, அவர்கிட்ட போய் கேட்டேன். எபிரெயத்துல "எதிர்பார்த்திருக்கும் முடிவு"ன்னு இல்லையாம், அகரீத், திக்வான்னு ரெண்டு வார்த்தை, முடிவு, நம்பிக்கை. 1611 கிங் ஜேம்ஸ் பைபிள் அதை ஒண்ணா சேர்த்த மாதிரியே நம்ம பழைய தமிழ் பைபிள்லயும் இருக்கு. அதனால நான் எதிர்பார்க்கிறது எனக்குக் கிடைக்கும்னு நாம வாசிச்சுக்கிறோம். இன்னொண்ணு, அது நானே கவனிச்சது, ஐயர்கிட்ட சொன்னதும் சந்தோஷப்பட்டாரு. வசனம் "உங்கள்பேரில்"னு இருக்கு, "உன்பேரில்"னு இல்ல. கர்த்தர் ஒரு ஆளை பைபிள்ல எங்கயும் நீங்கன்னு மரியாதைக்கு கூப்பிடுறதில்ல, அப்போ அது ஒரு கூட்டத்துக்கு சொன்னது. தமிழ்ல கண்ணுக்கு முன்னால தெளிவா நிக்குது, நாம அதுக்கு மேல தனித்தனியா ஒரு பேரை எழுதிட்டோம். கோயில்ல ஸ்க்ரீன் வந்த பிறகு ஒரு வசனம் மட்டும் பெருசா தெரியுது, முன்னபின்ன என்ன இருக்குன்னு கண்ணு போறதே இல்ல, கையில பைபிள் இருந்தா அந்த பத்தாம் வசனமாவது கண்ணுல பட்டிருக்கும்.

ஐயர் இன்னொரு விஷயமும் சொன்னாரு, அதைக் கேட்டதுல இருந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. ஈராக்ல கிடைச்ச களிமண் பலகைகள் இருக்காம், கி.மு. 572ல இருந்து ஆரம்பிக்குது, ஆல் யாகூதுன்னு ஒரு ஊரு, யூதா ஊருன்னு அர்த்தம். அங்க இருந்த யூதா ஜனங்க நிலம் பயிர் பண்ணது, வரி கட்டினது, கடன் வாங்கினது எல்லாம் அதுல எழுதி இருக்காம். எரேமியா எழுதின மாதிரியே வாழ்ந்திருக்காங்க பாரு. ஆனா அழாம வாழலை. "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து" அழுதோம்னு 137ஆம் சங்கீதம் இருக்கே, கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்துல எப்படிப் பாடுவோம்னு கேக்குதே, அந்தக் கேள்வியையே பாட்டா பாடி ஆராதனையில வச்சிருக்காங்க. நீ இப்போ கோயிலுக்குப் போறதில்லன்னு சொன்ன, பாட முடியலன்னு சொன்ன. பாடாத எய்யா. அந்த சங்கீதத்தை வாசி, போதும்.

எரேமியா 29ல ஏழாம் வசனம்தான் உனக்கு நான் அனுப்பியிருக்க வேண்டியது. நான் உங்களைக் கொண்டுபோய் விட்ட பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்க, அதுக்காக ஜெபம் பண்ணுங்க, அதுக்கு சமாதானம் இருந்தா உங்களுக்கும் இருக்கும்னு. ஜெர்மனியில நீ இருக்குற ட்ரெஸ்டன்ல இருந்து போன வருஷம் ஒரு கோயில் போட்டோ அனுப்பினல்ல, ஃப்ரௌவன்கிர்ஷே, 1945ல குண்டு போட்டு இடிஞ்சு பல வருஷம் கல்லுக்குவியலாவே கிடந்து 2005லதான் திரும்ப பிரதிஷ்டை பண்ணாங்க. அது மேல இருக்குற தங்கச் சிலுவையை செஞ்சவரு இங்கிலாந்துக்காரர், அவரோட அப்பா அந்த ஊரு மேல குண்டு போட்ட விமானிகள்ல ஒருத்தர். இது தெரிஞ்சதுல இருந்து அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுறது எனக்கு லேசா வருது. நம்ம தரங்கம்பாடிக்கு 1706ல வந்த மிஷனரி சீகன்பால்கு பிறந்த புல்ஸ்நிட்ஸ் கூட உனக்குப் பக்கம்தானாமே. அவரு 36 வயசுல இங்கயே செத்து இங்கயே அடக்கம் ஆனாரு, தமிழ்ல புதிய ஏற்பாட்டைக் குடுத்துட்டு.

தினமும் காலைல அஞ்சு மணிக்கு உன் பேரைச் சொல்லி, உன் ஊரு பேரைச் சொல்லி, நீ குடியிருக்குற வீட்டு கீழ இருக்குற அந்த வயசான அம்மா பேரையும் சொல்லி ஜெபம் பண்ணுறேன், நீதானே அவங்களுக்கு சாமான் வாங்கிக் குடுக்குறேன்னு சொன்ன. இந்த டிசம்பர் 31க்கு உன் பேர்ல கூடையில கை விடமாட்டேன். வசனமும் நீயா கேக்குற வரைக்கும் அனுப்பமாட்டேன். மிளகாப்பொடியும் அதிரசமும் பார்சல் போட்டிருக்கேன், வந்து சேர்ந்தா ஒரு மிஸ்டு கால் குடு.

அம்மா