தொழில் முனைவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரி தாக்கல் வகுப்பும் தீத்தடுப்புப் பயிற்சியும் நடந்தன. சங்க அறைக்கு வெள்ளையடித்தாயிற்று.

இந்த ஆண்டின் பெரிய வேலை, ஆள் தேவைத் திட்டம்; அதாவது எந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைப்பது. போன பொதுக்குழுவில் இதை நான் முன்வைத்தபோது, "ஆளே கிடைக்கவில்லை, இதில் திட்டம் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். கிடைக்காததால்தான் திட்டம் வேண்டும். ராஜினாமா கடிதம் கைக்கு வந்த பிறகு தேடத் தொடங்கினால், கிடைத்தவரை எடுக்கிறோம், சில மாதத்தில் அவரும் போய்விட மறுபடி தேடுகிறோம். பெரிய கம்பெனிகளுக்குத்தான் இதெல்லாம் என்ற பேச்சும் சரியல்ல. ஆள் திட்டமிடலுக்கென்றே 2016-ல் வந்த ஐஎஸ்ஓ 30409 என்ற சர்வதேசத் தரநிலை, எந்த அளவு நிறுவனத்துக்கும் பொருந்தும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது.

நான் தயாரித்து அனுப்பிய படிவம் இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் வேலைக் கணக்கு. அடுத்த ஆண்டு ஆர்டர்களை முடிக்க 20,000 மணி நேர வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 வேலை நாளில் விடுப்பும் பயிற்சியும் போக ஒருவர் 275 நாள் வருவார். நாளுக்கு 8 மணி நேரத்தில் நேரடி வேலைக்கு 85 சதவீதம் என்றால், ஒருவரிடம் கிடைப்பது 1,870 மணி நேரம். ஆக, 11 பேர் வேண்டும். நம்மில் பலர் 300-ஐ 8-ஆல் பெருக்கி, ஒருவரிடம் 2,400 மணி நேரம் கிடைக்கும் என்று எண்ணி 9 பேர் போதும் என்கிறோம். குறையும் அந்த இரண்டு பேர்தான் ஆண்டு முழுக்க ஓவர்டைமாகவும் தள்ளிப்போகும் டெலிவரியாகவும் வந்து நிற்கிறார்கள்.

இரண்டாம் பக்கம் இன்னும் முக்கியம். ஒவ்வொருவரின் வயது, சேர்ந்த தேதி, எந்த வேலையைத் தனியாகச் செய்வார், எதை அடுத்தவருக்குச் சொல்லித்தருவார் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எது என்று அப்போது தெரிந்துவிடும். ஒரு உறுப்பினரின் பட்டறையில் பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஃபிட்டர் ஓய்வு பெறும் வயதை நெருங்குவது இப்படித்தான் கண்ணில் பட்டது. அவருடன் ஓர் இளைஞரை இப்போதே சேர்த்துவிட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே படிவம் போட்டது வீண்போகவில்லை என்பேன்.

விலகியவர்களையும் வெறும் சதவீதமாகப் பார்க்கக் கூடாது. 50 பேரில் 10 பேர் போனால் 20 சதவீதம். பத்து அனுபவசாலிகள் போயிருக்கலாம், அல்லது இரண்டே இடங்கள் ஐந்து ஐந்து முறை காலியாகியிருக்கலாம். சதவீதம் ஒன்றுதான், மருந்து வேறு. புதியவர்கள் முதல் சில மாதங்களில்தான் அதிகம் விலகுகிறார்கள் என்பதை லண்டனில் வேலையிட மனித உறவுகளை ஆராயும் டாவிஸ்டாக் நிலையத்தின் ஆய்வாளர்கள் 1950-லேயே எழுதிவிட்டார்கள். அப்படியானால் கவனிக்க வேண்டியது முதல் நாள் வரவேற்பும் வேலை கற்றுக்கொடுக்கும் முறையும்தான். சம்பளத்தை மட்டும் ஏற்றிப் பயனில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், படிவத்தை நிரப்பித் தந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. விவரம் வெளியே போய்விடும் என்று தயங்கினார்கள். பெயர்களே வேண்டாம், எண்ணிக்கை போதும் என்று படிவத்தின் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தேன். விளக்கக் கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள், மறுநாளே போனில் "நல்ல வெல்டர் இருந்தால் சொல்லுங்கள்" என்றபோது உண்மையாகவே வருத்தமாக இருந்தது. எல்லோருடைய தேவையும் ஒன்றாகத் தெரிந்தால்தான், எந்தத் தொழிலுக்கு எத்தனை பயிற்சியாளர் வேண்டும் என்று பயிற்சி நிலையங்களிடம் போய்க் கேட்க முடியும். தனித்தனியாகப் போனால் ஒருவர் பயிற்றிய ஆளை இன்னொருவர் இழுப்பதுதான் நடக்கும்.

வரவு செலவு பெரும்பாலும் சமநிலையில் இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. நினைவூட்டல் அனுப்பியும் பதில் இல்லாதவர்கள் பட்டியலை இங்கே படிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அலுவலக உதவியாளர் அனைவருக்கும் நன்றி.

அப்புறம், அடுத்த ஆண்டு. தேவை கூடினால், அப்படியே இருந்தால், குறைந்தால் என்று மூன்று நிலைக்கும் கணக்குப் போட்டு, யாரை நிரந்தரமாக எடுப்பது, எதை ஒப்பந்தத்தில் கொடுப்பது என்று பேசும் பயிலரங்கு நடத்த ஆசை. அதற்குப் பாக்கிச் சந்தாவில் ஒரு பகுதி வந்தாலே போதும். இந்தக் கணக்குகளை இப்போது நான் ஒருவன்தான் வைத்திருக்கிறேன். கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள இளைய உறுப்பினர் இருவர் வந்தால், கோப்புகளை அடுத்த மாதமே பிரித்துத் தந்துவிடுவேன். காலிப் படிவங்கள் வாசல் மேஜையில் இருக்கின்றன. ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளரும் அங்கேயே இருப்பார்.

செயலாளர்