மெட் அருங்காட்சியகத்தாருக்கு, ஒரு வருஷத்து நன்றி

வணக்கம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு 2023-இல் எத்தனை வெள்ளிக்கிழமை வந்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. வேலை முடிந்து ஓடி வருகிற என்னைப் போன்றவர்களுக்காக இரவு 9 மணி வரை திறந்து வைத்திருந்தீர்கள். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்கள் இயன்றதைக் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு இல்லையென்றால், ஒரே கண்காட்சியை மூன்று முறை பார்க்க எனக்குக் கட்டுப்படியாகி இருக்காது. இரண்டுக்கும் நன்றி.

வசந்த காலத்தில் ஹுவான் டி பரேஹா கண்காட்சி. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கஸிடம் அடிமையாக இருந்து, பிறகு தானே ஓவியரானவர். 1650-இல் வெலாஸ்கஸ் வரைந்த அவர் முகம் உங்களிடமே இருக்கிறது, பலமுறை பார்த்ததுதான். ஆனால் 1661-இல் அவரே வரைந்த புனித மத்தேயு ஓவியம் மாட்ரிட்டின் பிராடோவிலிருந்து வந்திருந்தது. நான் நடுவிலிருந்த மேசைக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பணியில் இருந்த காவலர் ஒருவர் பக்கத்தில் வந்து, இடது ஓரத்தைப் பாருங்கள் என்று கை காட்டினார். அங்கே நின்று நம்மை நேராகப் பார்ப்பவர் பரேஹாவேதான். கையில் ஒரு தாள், அதில் அவர் பெயர். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த அண்ணன் சொல்லாவிட்டால் தவறவிட்டிருப்பேன். அவருக்கு மிக்க நன்றி.

கோடையில் வான்கோவின் சைப்ரஸ் மரங்கள். 'விண்மீன் இரவு' ஓவியத்தை உங்களிடம் இருக்கும் அவருடைய கோதுமை வயல் ஓவியத்தோடு சேர்த்துப் பார்க்கக் கொடுத்துவைத்தது. கூட்டம்தான் கொஞ்சம் அதிகம்.

அப்புறம் 'மரமும் நாகமும்', இந்தியாவின் ஆரம்பகாலப் பௌத்தக் கலைக் கண்காட்சி. சென்னையிலிருந்து வந்திருந்த அம்மாவை அதற்குத்தான் கூட்டி வந்தேன். முழங்கால் வலியால் அவரால் அதிகம் நடக்க முடியாது. கோட்டு வைக்கும் இடத்தில் கேட்டதும் காசில்லாமல் சக்கர நாற்காலி கொடுத்தீர்கள். ஒரு பெண் லிஃப்ட் வரை கூடவே வந்து வழி காட்டினார். ஆந்திராவின் அமராவதியிலிருந்து கிடைத்த சிற்பக் கல் ஒன்றில் பௌத்த ஸ்தூபியின்மேல் பின்னிக் கிடந்த நாகத்தைப் பார்த்ததும் அம்மா, "எழும்பூர் மியூசியத்துல இருக்கறது மாதிரியே இருக்கு" என்றார். ஒவ்வொரு தலையாக எண்ணி முடிக்கும்வரை நகரவே விடவில்லை. தெலங்கானாவின் பணிகிரியில் கிடைத்த தோரண வாயிலின் உத்தரக் கல்லை இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இந்தியாவிலிருந்து மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொருட்கள் வந்திருந்தன. இரண்டாயிரம் வருஷத்துக் கல்லை மூலை உடையாமல் பெட்டி கட்டி, விமானம் ஏற்றி, இங்கே நிமிர்த்தி வைத்தவர்களின் கைகளை நினைத்துக்கொள்கிறேன். நம்பிக் கொடுத்தனுப்பிய அருங்காட்சியகங்களுக்கும் நன்றி.

கடைசியாக பிரெஞ்சு ஓவியர்கள் மானே, தெகா இருவரின் கண்காட்சி. மானே வரைந்த 'ஒலிம்பியா' முதல்முறையாக அமெரிக்கா வந்திருந்தாள். எனக்கென்னவோ ஜப்பானின் கிட்டாக்யூஷூவிலிருந்து வந்த படம்தான் மனதில் நின்றது. மானேயையும் அவர் மனைவியையும் தெகா வரைந்து பரிசாகக் கொடுத்தார். மனைவியை வரைந்திருந்த விதம் பிடிக்காமல் மானே அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டார். திரும்ப எடுத்துக்கொண்ட தெகா வேறு துணி ஒட்டினார், ஆனால் வரையவே இல்லை. அந்த வெற்றுத் துணிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ! யாரும் என்னை நகரச் சொல்லவில்லை.

அம்மா ஊர் திரும்பியதும் எழும்பூருக்குப் போய் அமராவதிக் கற்களை மறுபடி பார்த்துவிட்டு வந்தாராம். லிஃப்ட் வரை வந்த அந்தப் பெண்ணுக்குத் தன் நன்றியையும் தனியாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் வெள்ளிக்கிழமைப் பார்வையாளர்களில் ஒருத்தி