செயின் ரம்பம் இயக்கும் உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். ஓடும் ரம்பத்தின் தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் இயக்குபவரின் முகத்தை நோக்கித் துள்ளிவிடக்கூடும் என்பதால், ஓடும் சங்கிலியை உடனே நிறுத்தும் செயின் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்பதை நாள்தோறும் வேலை தொடங்கும் முன்பே சோதித்துவிடுங்கள். இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான். அறுக்கும்போது சீவல் விழாமல் மாவுபோல் தூள் கொட்டினால், பற்கள் மழுங்கியிருக்கும்; அழுத்தி அறுக்காமல், இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரம் போடுங்கள். மரத்தைச் சாய்க்கும்போது அதன் உயரத்தைப் போல் 2 மடங்கு தூரத்திற்குள் வேறு எவரும் நிற்கக்கூடாது. பின்புறம் சாய்வாக விலகிச் செல்லும் வழியை முதலிலேயே சுத்தம் செய்துகொள்ளுங்கள். தலைக்கவசம், முகத்திரை, காதுக்காப்பு, வெட்டுத் தாங்கும் கால்சட்டை ஆகியவை இல்லாதவர்கள் தயவுசெய்து ரம்பத்தைத் தொட வேண்டாம்.