செந்தூலிலிருந்து தம்பிக்கு

செந்தூல், கோலாலம்பூர்
மாசி 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் குழந்தையும் மாமாவும் நலம். காசநோய் மாத்திரை தொடங்கி ஏழு வாரம் ஆகிறது, இருமல் அடங்கிவிட்டது, இரண்டு கிலோ எடையும் ஏறியிருக்கிறது என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். ஆனால் நீ வாசல் பக்கமே வருவதில்லை என்றும், கபடிக் குழுப் பையன்கள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாய் என்றும், நான் அழைக்கும்போதெல்லாம் தூங்குவதாகச் சொல்லச் சொல்லிக் கையைக் காட்டுகிறாய் என்றும் சொன்னாள். பேச மாட்டேன் என்கிறாய், படிக்கவாவது செய்வாய் என்று எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு நான் வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. செந்தூல், வெள்ளைக்காரன் காலத்து ரயில் பட்டறையை ஒட்டி நம் ஆட்கள் குடியேறிய இடம். தெருவில் நடந்தால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். காலையில் ரயிலேறி மஸ்ஜித் ஜாமேக்கில் இறங்கி, துணிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு மாலை திரும்புகிறேன். மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து, இடியும் மழையுமாகக் கொட்டி, ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல் வெளுத்துவிடும். இதற்கு மட்டும் நான் இன்னும் பழகவில்லை, குடையை எடுக்க மறந்துவிடுகிறேன். தைப்பூசத்தன்று பத்துமலையில் உனக்காக நேர்ந்துகொண்டு பால்குடம் எடுத்தேன். 272 படிகளையும் ஏறி முடிக்கும் வரை உன் நினைவுதான்.

மாமாவைப் பற்றி உனக்கு அதிகம் தெரியாது. அவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் ரக்பி ஆடியவர். மாசி, பங்குனி மாதங்களில் ஐரோப்பாவில் ஆறு நாடுகள் மோதும் ரக்பிப் போட்டி நடக்கும். அங்கே பிற்பகல் என்றால் இங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும். குழந்தைக்குப் பால் கொடுக்க நான் விழித்திருக்கும் நேரமும் அதுவே என்பதால், கூடத்தில் மாமாவோடு உட்கார்ந்து அந்த ஆட்டத்தை ஓரளவு புரிந்துகொண்டேன். உன் உடம்பைப் பற்றி அம்மா முதலில் சொன்ன இரவில் நான் அழுதுகொண்டிருந்தபோது, மாமா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு பில் மெக்லாரன் என்ற ரக்பி வர்ணனையாளரின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அதை உனக்கும் சொல்ல வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

மெக்லாரன் ஸ்காட்லாந்துக்காரர், 1923-இல் ஹாயிக் என்ற சிற்றூரில் பிறந்தவர். நம் திருப்பூரைப் போல அதுவும் பின்னலாடைக்குப் பேர்போன ஊர், அதைவிட ரக்பிக்குப் பேர்போனது. போர்க்காலத்தில் பீரங்கிப் படையில் சேர்ந்து, இத்தாலியில் மோன்டே காசினோவின் சண்டைகளைக் கண்டு திரும்பி, ஊர் அணிக்கு ஃப்ளாங்கராக ஆடினார். ரக்பியில் அணிக்குப் பதினைந்து பேர். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, தலையைக் கவிழ்த்து முட்டித் தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அந்தக் கட்டின் ஓரத்தில் நின்று, பந்து வெளியே வந்த கணமே பிரிந்து ஓடி, பந்தை வைத்திருப்பவனை இடுப்பிலோ காலிலோ பிடித்துச் சாய்ப்பது ஃப்ளாங்கரின் வேலை. கபடியில் நீ ரைட் கார்னரில் நின்று, பாடி வருபவன் திரும்பும் நொடிக்காகக் காத்திருப்பாயே, அதே வேலைதான். 1947-இல் ஸ்காட்லாந்து அணிக்கான தேர்வு ஆட்டத்தில் ஆடினார். நாட்டுக்கு ஆட இன்னும் ஒரு படிதான் பாக்கி என்றிருந்தபோது காசநோய் கண்டது.

தம்பி, அந்தக் காலத்தில் காசநோய் என்றால் என்னவென்று நீ ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஈஸ்ட் ஃபார்ச்சூன் என்ற இடத்திலிருந்த சானடோரியத்தில் அவர் 19 மாதம் கிடந்தார். நம் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பெயர் எதற்கென்று நாம் யோசித்ததே இல்லை. அதுவும் இப்படி நோயாளிகளைத் தனியே வைத்துப் பார்த்த மருத்துவமனையால் வந்த பெயர்தான். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல். சோதனை முறையில் அதைப் பெற்ற ஒரு சிலரில் மெக்லாரனும் ஒருவர், பிழைத்தார். ஆட்டக்காரராக மட்டும் திரும்ப முடியவில்லை.

அவருடைய குரல் பிறந்தது அந்த மருத்துவமனையில்தான். நோயாளிகளுக்கென்று அங்கே ஓர் உள்வானொலி இருந்தது. எழுந்து நடக்க முடிந்த நோயாளிகள் மேசைப்பந்து ஆடுவார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் அதைக் கேட்டாவது இருக்கட்டும் என்று மெக்லாரன் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து ஆட்டத்தை வர்ணிக்கத் தொடங்கினார். ரக்பி ஆடுகளத்தில் ஓடிக்கொண்டிருந்த மனிதர், ஒரு சிறிய மேசையின் குறுக்கே போய்வரும் பந்தை, கண்ணால் பார்க்க முடியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று மாமா சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

குணமான பிறகு ஊர்ப் பத்திரிகையில் செய்தியாளராக இருந்தார். அதன் ஆசிரியர் பரிந்துரைத்ததில் பிபிசி வாய்ப்பளித்து, 1953-இல் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் மோதிய ஆட்டத்தை வானொலியில் வர்ணித்தார், பிறகு தொலைக்காட்சி. 2002 வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். இதில் என்னை மிகவும் கவர்ந்தது, அவர் ஊரையும் விடவில்லை, பள்ளியையும் விடவில்லை என்பதுதான். வாரநாட்களில் ஹாயிக் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர், சனிக்கிழமை நாடு முழுவதும் கேட்கும் குரல். ஜிம் ரென்விக், காலின் டீன்ஸ், டோனி ஸ்டாங்கர் என்று ஸ்காட்லாந்துக்கு ஆடிய மூவர் அவரிடம் பயின்றவர்கள். மாமாவும் ஆசிரியர் என்பதால் இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆட்டத்துக்கு முன்பு அவர் வீரர்கள் பயிற்சி செய்வதைப் போய்ப் பார்ப்பாராம். ஒரு பெரிய தாளில் முப்பது பேரைப் பற்றியும் பல வண்ண மையில் பொடி எழுத்தில் குறித்து வைத்துக்கொள்வார். அதில் பெரும்பகுதி ஆட்டத்தின்போது வாய்க்கு வராமலே போகும், ஆனாலும் அடுத்த வாரம் மீண்டும் எழுதுவார். ஸ்காட்லாந்துக்காரராக இருந்தும் எந்த அணிப் பக்கமும் சாயாமல் பேசினார். அவர் கடைசியாக வர்ணித்தது கார்டிஃபில், வேல்ஸும் ஸ்காட்லாந்தும் ஆடிய ஆட்டம்; பில் மெக்லாரன் ஒரு வேல்ஸ்காரர் என்று வேல்ஸ் ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள். நாட்டுக்காக ஒரு முறைகூட ஆடாத அவரை, 2001-இல் பன்னாட்டு ரக்பிப் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் ஆள் அவர். 2010-இல், 86 வயதில் காலமானார்.

போன சனிக்கிழமை மாமா எங்களைப் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். மழை விட்ட நேரம். ஸ்க்ரம் கூடியபோது அந்தப் பதினாறு முதுகுகளிலிருந்தும் ஆவி எழும்புவதைக் கண்ணால் பார்த்தேன். தோள்கள் மோதும் சத்தம் நெல் மூட்டையை வண்டியிலிருந்து தரையில் போட்டது போல் இருந்தது. எனக்கு யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பிடிபடவில்லை. மாமா என் பக்கம் குனிந்து, "இதோ, ஓரத்துப் பையன் பிரிந்துவிட்டான், பார், பிடித்தான், சாய்த்தான், பந்து நழுவிவிட்டது" என்று தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லச் சொல்ல, அதுவரை வெறும் சேறாகத் தெரிந்தது ஆட்டமாகத் தெரிந்தது.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு: உன் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கத் தேவையில்லை. சானடோரியத்தில் வைத்து வைத்தியம் பார்ப்பதற்கும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதற்கும் குணத்தில் வித்தியாசமில்லை, அதனால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவுவதுமில்லை என்று உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சிதான். இரண்டு மாதம் சாதாரண இருமல் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்த மருத்துவர் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தை இனித் திரும்பப் பெற முடியாது, மீதி மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் விழுங்கு. எப்போது களத்தில் இறங்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சித்திரைத் திருவிழாக் கபடி நம் ஊரில் நடக்கும். மைக் பிடிக்கும் பெரியவருக்குத் தொண்டை சரியில்லை என்று அப்பா சொன்னார். நீ மைக்கைப் பிடிக்கிறாயோ இல்லையோ, பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து பார். அன்று இரவு இங்கே பதினொன்றரை ஆகும்போது உனக்கு ஒன்பது மணி. நான் அழைப்பேன், மாமாவும் பக்கத்தில் இருப்பார். யார் பாடிப் போனான், எந்தக் காலை முன்வைத்தான், கார்னரில் உன் இடத்தில் நின்றவன் எங்கே பிடித்தான் என்று முதல் பாட்டிலிருந்து சொல்.

உன் அன்பு அக்கா