முதியோர் திட்டங்களுக்கு ஒரு வருட நிதி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் நலத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கப்படும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது தொகையை அல்ல. அது எத்தனை வருடத்துக்கு, எந்தச் செலவுக்கு என்பதைத்தான் தேடுகிறேன். பெரும்பாலும் அந்த விவரம் இருப்பதில்லை.

நான் ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட். முதியோர் குழு ஒன்றுக்குச் சம்பளம் வாங்காமல் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறேன். பெரிய பயிற்சி எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரோரம் நின்று ஒரு காலைத் தூக்குவது, குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் நேர்கோட்டில் நடப்பது. எங்கள் குழுவில் ஒரு அம்மா ஆரம்பத்தில் நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் அழுத்தி, முன்னால் சாய்ந்து, ஒருவர் முதுகில் கைகொடுத்தால்தான் எழுவார். சில மாதங்களில் கைகளை மார்பில் கட்டியபடியே எழுந்து நின்றார். "இப்பல்லாம் ராத்திரி பாத்ரூம் போக மருமகளை எழுப்பறதில்லைங்க" என்று அவர் சொன்னபோது முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் விவரிக்க முடியாது. யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பது என்று நாம் பேசுவதெல்லாம் அந்த வயதில் இதுதான்.

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடற்பயிற்சியால் இப்படி விழுவது சுமார் 23 விழுக்காடு குறைகிறது என்று பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. சமநிலைக்கும் கால் பலத்துக்கும் செய்யும் பயிற்சிகளே இதில் முக்கியம். ஆனால் பயிற்சியை நிறுத்தினால் சேர்ந்த பலம் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். தடுப்பூசி போல ஒரு முறை கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது.

எங்கள் குழுவுக்கு ஒரு வருடத்துக்கு மட்டும் நிதி கிடைத்தது. நாற்காலிகள், பெயர்ப்பலகை, தொடக்க விழா எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. அதைவிடப் பயன்பட்டது இரண்டு செலவுதான். ஒன்று, நடமாட முடியாதவர்களை அழைத்து வர ஒரு வண்டி. இன்னொன்று, ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண்ணின் சம்பளம். யார் வரவில்லை என்று குறித்துவைத்து அன்றைக்கே போன் செய்வார். எடுக்கவில்லை என்றால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் மறுபடி வெளியே வரத் தொடங்கியது என் பயிற்சியால் அல்ல, அந்தப் பெண் விடாமல் கூப்பிட்டதால்தான்.

வருடம் முடிந்தது. தொடர்ந்து நடத்த விண்ணப்பித்தோம். புதிய திட்டங்களுக்குத்தான் நிதி தருவோம் என்று பதில் வந்தது. நன்றாக நடப்பதுதான் ஒரு திட்டத்தின் குற்றமா? வண்டி நின்றது. அந்தப் பெண்ணுக்கும் குடும்பம் இருக்கிறது, வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது தானாக நடந்து வர முடிந்தவர்கள் மட்டும் வருகிறார்கள். யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். நாற்காலிகள் பத்திரமாக இருக்கின்றன.

ஆரோக்கியமான முதுமைக்கென்று 2021 முதல் 2030 வரை பத்து ஆண்டுகளை ஐ.நா. பொதுச் சபை அறிவித்திருக்கிறது. உலகமே பத்து ஆண்டுக் கணக்கில் யோசிக்கும் ஒரு காரியத்துக்கு ஒரு வருடம் என்ன கணக்கு?

நிதி வழங்குவோர் குறைந்தது மூன்று வருடத்துக்குத் தர வேண்டும். சம்பளத்தையும் போக்குவரத்தையும் நிர்வாகச் செலவு என்று வெட்டாமல், அவைதான் திட்டமே என்று ஏற்க வேண்டும். அறிக்கையில் புகைப்படம் கேட்பதற்குப் பதிலாக, 30 விநாடியில் ஒருவர் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று கேளுங்கள். எங்கள் துறையில் வழக்கமாகச் செய்யும் சோதனைதான் அது. ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். வண்டி வேண்டுமா, வேறு எதுவும் வேண்டுமா என்பதை, முடிவெடுக்கும் கூட்டத்தில் முதியவர்களையே உட்காரவைத்துக் கேளுங்கள்.

தங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். தொடக்க விழாவுக்குப் போன திட்டங்களுக்கு, நிதி முடிந்து ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை போய்ப் பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட்